வங்கிச் செலானை நாமே நிரப்புவது எப்படி?

மாதத்தின் முதல் வாரத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என எந்த ஊர் வங்கிக் கிளைக்குள் நுழைந்தாலும், செலானைக் கையில் பிடித்தபடி எழுதித் தர ஆள் தேடி நிற்பவர்கள் சிலரையாவது பார்க்கலாம். “ஏப்பா தம்பி, இதக் கொஞ்சம் எழுதிக் குடுப்பா” என்று பாஸ்புக்கையும் பணத்தையும் சேர்த்தே முன்பின் தெரியாதவரிடம் நீட்டிவிடுகிறார்கள். எழுதித் தருபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனாலும் கணக்கு எண், கணக்கில் உள்ள இருப்பு, கையில் உள்ள ரொக்கம் ஆகிய மூன்றையும் அயலார் ஒருவர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி விடுவது நல்ல பழக்கம் அன்று. செலானில் எழுத வேண்டியவை சில சொற்களும் சில எண்களும் மட்டுமே. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் ஒருமுறை உட்கார்ந்து கற்றுக்கொண்டால் பிறகு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

செலானை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் செலான், பாஸ்புக் போன்று பொதுமக்கள் பயன்படுத்தும் அச்சுத் தாள்கள் அனைத்தும் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய மூன்றிலும் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. எனவே தமிழ் இல்லாத செலான் கையில் கிடைத்தால், தமிழில் அச்சிட்டது இருக்கிறதா என்று கவுண்டரில் தயங்காமல் கேட்கலாம். பெயரையும் தொகையையும் தமிழிலேயே எழுதலாம். எண்களை மட்டும் வழக்கமான 1, 2, 3 என்ற வடிவில் எழுதினால் போதும்.

செலான்களின் அமைப்பு வங்கிக்கு வங்கி சற்று மாறும். ஒன்றில் தேதி வலப்பக்கம் இருக்கும். இன்னொன்றில் நோட்டு விவரக் கட்டம் பின்பக்கம் இருக்கும். ஆனால் பெரும்பாலானவற்றில் தாள் இரண்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பெரிய பகுதி வங்கி வைத்துக்கொள்வது. சிறிய பகுதி முத்திரையிட்டு நமக்குத் திருப்பித் தருவது. இதை அடிக்கட்டை என்றும் கவுண்டர்ஃபாயில் என்றும் சொல்கிறார்கள். பெரிய பகுதியைப் பொறுப்பாக எழுதிவிட்டு, அடிக்கட்டையில் தொகையை மட்டும் கிறுக்கி நீட்டுவதைத்தான் அதிகம் காண்கிறோம். நாளைக்கு ஒரு தகராறு என்று வந்தால் வங்கியின் கையில் பெரிய பகுதி இருக்கும், நம் கையில் அடிக்கட்டை மட்டுமே இருக்கும். ஆகவே தேதி, கிளை, கணக்கு எண், பெயர், தொகை ஆகிய ஐந்தும் இரண்டு பகுதிகளிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அடிக்கட்டையை முதலில் எழுதிவிட்டுப் பெரிய பகுதிக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. வரிசை நகரத் தொடங்கியதும் அவசரத்தில் விடுபட்டுப்போவது எப்போதும் அடிக்கட்டைதான்.

எழுத உட்காரும் முன்

வங்கிக்குப் போகும்போது நாலைந்து வெற்றுச் செலான்களைக் கேட்டு வாங்கி வந்து பாஸ்புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் திண்ணையிலோ மேசையிலோ நிதானமாக எழுதும் செலானில் பிழை குறைவாகவே இருக்கும். நீலம் அல்லது கறுப்பு மைப் பேனாவைப் பயன்படுத்த வேண்டும். பென்சில் கூடாது; எழுதியதை அழித்து மாற்ற இடம் கொடுக்கும் எந்தப் பேனாவும் கூடாது.

பணத்தை முதலில் எண்ணி, பிறகு செலானை எழுத வேண்டும். முறையை மாற்றி, இவ்வளவுதான் இருக்கும் என்ற எண்ணத்தில் தொகையை எழுதிவிட்டு நோட்டுகளை எண்ணினால், ஒரு நூறு ரூபாய் கூடினாலும் குறைந்தாலும் செலானே வீணாகும். ஐந்நூறு, இருநூறு, நூறு என்று வகைவாரியாகப் பிரித்து, எல்லா நோட்டுகளின் முகமும் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கே தடை விதித்திருக்கிறது. அந்தக் கட்டுப்பாட்டை வாடிக்கையாளரும் பின்பற்றினால் நோட்டு கிழியாது. நோட்டின் மேல் தொகையையோ கணக்கையோ எழுதி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கணக்கு எண்

செலானில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். கணக்கு எண்ணின் நீளம் வங்கிக்கு வங்கி வேறுபடும். ஸ்டேட் வங்கியில் அது 11 இலக்கம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில் 15 இலக்கம். ஸ்டேட் வங்கிப் பாஸ்புக்குகளில் அந்த 11 இலக்கங்களுக்கு முன்னால் சுழியங்கள் சேர்த்து அச்சாகியிருப்பதும் உண்டு. முன்னால் உள்ள சுழியங்களை விட்டுவிட்டு எஞ்சியதை எழுதினால் போதும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கணக்கு எண்ணுக்கு அருகிலேயே வாடிக்கையாளர் எண் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கும். சிஐஎஃப் எண் என்று குறிப்பிடப்படும் அதுவும் ஸ்டேட் வங்கியில் 11 இலக்கமே என்பதால், அதைக் கணக்கு எண் என்று எண்ணி எழுதிவிடுபவர்கள் பலர். எழுதும் முன் எண்ணுக்கு நேராகக் ‘கணக்கு எண்’ என்று இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது கட்டாயம்.

எண்ணை நினைவிலிருந்து எழுத வேண்டாம். பாஸ்புக்கைத் திறந்து வைத்து, மூன்று மூன்று இலக்கங்களாகப் பார்த்துக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் கடைசி இலக்கத்திலிருந்து முதல் இலக்கம் வரை பின்னோக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னோக்கிப் படிக்கும்போது கண் பழக்கத்தில் தாண்டிவிடும் பிழையைப் பின்னோக்கிப் படித்தால் எளிதில் பிடித்துவிடலாம். 1, 7 இரண்டும் ஒன்றுபோல் தோன்றாமலும், 0, 6 இரண்டும் குழம்பாமலும் தெளிவாக எழுதுவது நம் பொறுப்பு. ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. போன பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அந்தக் கணக்குக்காரரின் இசைவுக்காகக் காத்திருந்து, பலமுறை அலைய வேண்டியிருக்கும்.

வங்கிகள் இணைந்த பிறகு பழைய செலான்களும் பழைய எண்களும் வீடுகளில் தங்கிப்போயிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கருமுத்து தியாகராசன் செட்டியார் 1943-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா, 2001-இல் ஐசிஐசிஐ வங்கியுடன் இணைந்தது. மதுரைக்காரர்களுக்கு அந்தப் பெயர் இன்றும் நெருக்கமானது. அண்மையில், 2020 ஏப்ரல் 1 முதல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும் இணைந்தன. அந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவர்கள் புதிய பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு, அதில் உள்ள கணக்கு எண்ணையும் கிளைப் பெயரையும் மட்டுமே எழுத வேண்டும். மிச்சமிருக்கும் பழைய செலான் கட்டை அப்புறப்படுத்திவிடலாம்.

கணக்கு வகை என்ற இடத்தில் சேமிப்பு, நடப்பு, தொடர் வைப்பு, கடன் என்று அச்சிட்டிருக்கும். உரியதில் டிக் அடிக்க வேண்டும். சேமிப்புக் கணக்குக்குக் கட்டுபவருக்கு இதில் சிக்கல் இல்லை. நகைக் கடனுக்கோ பயிர்க் கடனுக்கோ வட்டி கட்டப் போகிறவர்தான் நிதானிக்க வேண்டும். கடன் கணக்குக்குத் தனி எண் உண்டு. நகைக் கடன் என்றால் அடகு வைத்தபோது தந்த சீட்டிலேயே அது இருக்கும். அந்த எண்ணை எழுதாமல் சேமிப்புக் கணக்கின் எண்ணை எழுதிவிட்டால், பணம் சேமிப்பில் போய் உட்கார்ந்திருக்கும். கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நகையை மீட்கப் போகும் நாளில்தான் அது தெரியவரும்.

பெயரும் கையொப்பமும்

பெயர் என்ற இடத்தில் எழுத வேண்டியது கணக்கு யாருடையதோ அவருடைய பெயர். பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுபவரின் பெயர் அன்று. தல்லாகுளத்தில் வேலை பார்க்கும் மகன் வாடிப்பட்டியில் இருக்கும் அப்பாவின் கணக்குக்குப் பணம் கட்டினால், பெயர் அப்பாவுடையது, கையொப்பம் மகனுடையது. பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னாலும், பின்னால் இருந்தால் பின்னாலும் அப்படியே எழுதுவது நல்லது. மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு என்றால் குழுவின் முழுப் பெயரை எழுத வேண்டும்; தலைவியின் பெயரை எழுதக் கூடாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு மூன்று குழுக்கள் இருப்பது இயல்பு என்பதால், குழுப் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதினால் காசாளர் திரையில் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாக இருக்கும்.

பணம் கட்டுபவரின் கையொப்பமும் கைப்பேசி எண்ணும் கேட்கப்பட்டிருக்கும். பிறர் கணக்குக்குக் கட்டும்போது, அதிலும் தொகை பெரிதாக இருந்தால், அடையாள அட்டை கேட்கப்படலாம். வேறு ஊர்க் கிளையில் உள்ள கணக்குக்குக் கட்டும்போது கட்டணமோ தொகை வரம்போ இருக்கக்கூடும்; அதை முன்கூட்டியே கவுண்டரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொகையும் நோட்டு விவரமும்

ஓர் எடுத்துக்காட்டை எழுதிப் பார்ப்போம். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு குழுவின் ஊக்குநர், உறுப்பினர்களிடம் வசூலான 12,450 ரூபாயைக் கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் உள்ளவை: ஐந்நூறு ரூபாய் நோட்டு 18, இருநூறு 7, நூறு 14, ஐம்பது 7, இருபது 6, பத்து ரூபாய் நோட்டு 10, பத்து ரூபாய் நாணயம் 8.

நோட்டு விவரக் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் இத்தனை நோட்டு என்ற எண்ணிக்கையையும், அதற்கு நேராகத் தொகையையும் எழுத வேண்டும். ஐந்நூறு வரியில் 18, அதற்கு நேராக 9,000. இருநூறு வரியில் 7, நேராக 1,400. நூறு வரியில் 14, நேராக 1,400. ஐம்பது வரியில் 7, நேராக 350. இருபது வரியில் 6, நேராக 120. பத்து வரியில் 10, நேராக 100. நாணயம் என்ற வரியில் 80. கூட்டினால் 12,450. செலானில் மேலே எழுதும் தொகையும், இங்கே கிடைக்கும் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாத வகை நோட்டு இருந்தால் அந்த வரியை வெற்றாக விடாமல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

எழுத்தால் எழுதும்போது ‘பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய் மட்டும்’ என்று, இடப்பக்க ஓரத்திலிருந்தே தொடங்கி எழுத வேண்டும். ‘மட்டும்’ என்ற சொல்லுக்குப் பின் இடம் மிஞ்சினால் அங்கும் கோடு இழுக்க வேண்டும். எண்ணால் எழுதும்போது 12,450 என்று உரிய இடத்தில் காற்புள்ளி வைத்து, முன்னால் ரூபாய்க் குறியீட்டையும் பின்னால் சாய்கோட்டையும் சிறு கோட்டையும் இட்டால் முன்னும் பின்னும் இலக்கம் சேர்க்க முடியாது. தமிழில் எழுதுபவர்கள் தடுமாறும் இடம் ஒன்பது வரும் தொகைகள்: 90 என்பது தொண்ணூறு, 900 என்பது தொள்ளாயிரம், 9,000 என்பது ஒன்பதாயிரம். இந்த மூன்றையும் பாஸ்புக்கின் உள் அட்டையில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டால் கவுண்டரில் யோசித்து நிற்க வேண்டியிராது.

எழுதியதில் பிழை நேர்ந்தால் அதன் மேலேயே திருத்தி எழுதாதீர்கள். செலான் இலவசம், கிழித்துவிட்டுப் புதியதை எடுங்கள். கிழிப்பதைக் கணக்கு எண் தெரியாதபடி சுக்கலாகக் கிழியுங்கள். வங்கிக் கூடத்துக் குப்பைக்கூடையில் முழு எண்ணும் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய தாள்கள் அப்படியே கிடக்கின்றன. அவற்றைக் காணும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.

சில்லறையும் கேள்விக்குரிய நோட்டும்

நம் பகுதியில் பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைகளும் பேருந்துகளும் இருந்திருக்கின்றன. அது செல்லாது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது. ஆனால் 14 வடிவங்களில் வெளியான பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாக அறிவித்துவிட்டது. 50 காசு முதல் 20 ரூபாய் வரையுள்ள நாணயங்களை எல்லா வங்கிக் கிளைகளும் பெற்றுக்கொள்ள வேண்டும். செல்லாமல் போனவை 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையுமே. அவை 2011 ஜூன் 30-உடன் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டன. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலும் கீழமாசி வீதியிலும் வியாபாரம் செய்வோரிடம் நாளெல்லாம் சேரும் நாணயங்களை, வகைவாரியாக நூறு நூறாகப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்கும் எண்ணும் சிரமம் இருக்காது, பின்னால் நிற்பவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்படுவதாக 2023 மே 19 அன்று அறிவிக்கப்பட்டது. வங்கிக் கிளைகளில் அதைக் கட்டுவதற்கான காலக்கெடு அதே ஆண்டு அக்டோபர் 7-உடன் முடிந்தது. பெட்டியின் அடியில் ஒன்றிரண்டு கிடைத்தால் அதைச் செலானில் எழுத வேண்டாம். சென்னையில் உள்ளது உட்பட ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில் அதை மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டிருக்கிறது. நேரில் போக இயலாதவர்கள் அஞ்சல் வழியாகவும் அனுப்பலாம்.

கட்டும் பணத்தில் கள்ள நோட்டு இருப்பதாகக் காசாளர் கண்டால், அதில் முத்திரை குத்தித் தம்மிடமே வைத்துக்கொள்வார். அந்த நோட்டுக்குரிய தொகை நம் கணக்கில் ஏறாது. நோட்டும் திரும்ப வராது. ஆனால் நோட்டைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வங்கி கட்டாயம் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே தடவையில் கட்டும் பணத்தில் நான்கு கள்ள நோட்டுகள் வரை இருந்தால், வங்கி மாத இறுதியில் ஒரே அறிக்கையாகக் காவல்துறைக்குத் தெரிவிக்கும். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் வழக்குப் பதிவுக்குச் செல்லும். இதனால் தொகை குறைகிறது என்பதால், பழைய செலானைத் திருத்தாமல் புதிய செலான் எழுதித் தருவது நல்லது.

பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டினால் பான் எண்ணை எழுதும்படி செலானிலேயே ஒரு கட்டம் அச்சிட்டிருப்பார்கள். பான் அட்டை இல்லாதவர்களிடம் அதற்குரிய உறுதிமொழிப் படிவம் வாங்கப்படும். வருமான வரி விதிகளில் வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், பெரிய தொகை கட்டுவோர் அன்றைய நடைமுறையை முதல் நாளே கேட்டுக்கொண்டு போவது நல்லது. வரம்புக்குப் பயந்து ஒரு தொகையைப் பல செலான்களாக உடைத்துக் கட்ட வேண்டாம். நேர்மையாக ஈட்டிய பணத்துக்கு அது தேவையே இல்லாத சந்தேகத்தை உண்டாக்கும்.

கவுண்டரில்

நோட்டுகளையும் செலானையும் காசாளரிடமே நேராகக் கொடுங்கள். வரிசையில் முன்னால் நிற்பவரிடமோ, “குடுங்க சார், நான் கட்டித் தர்றேன்” என்று முன்வருபவரிடமோ கொடுக்க வேண்டாம். காசாளர் எண்ணும்போது கவுண்டரை விட்டு நகரக் கூடாது. கைப்பேசியில் பேசவும் கூடாது. இயந்திரத்தில் ஓடும் எண்ணிக்கை நமக்கும் தெரியும்படி திரை வைத்திருந்தால் அதைக் கவனியுங்கள். “கணக்கு யார் பேர்ல காட்டுதுங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கணக்கு எண்ணில் பிழை இருந்தால் பணம் ஏறும் முன்பே அது வெளிப்பட்டுவிடும். எந்தக் காசாளரும் இந்தக் கேள்விக்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

அடிக்கட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. முத்திரையில் கிளையின் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். மை தீர்ந்து பாதி வட்டம் மட்டும் பதிந்திருந்தால் மறுபடி குத்தித் தரச் சொல்லுங்கள். காசாளரின் சுருக்கொப்பம் இருக்க வேண்டும். கணினியில் பதிவான பரிவர்த்தனை எண்ணைச் சில கிளைகளில் கையாலும் சில கிளைகளில் அச்சாகவும் தருவார்கள். அதுவும் இருந்தால் பின்னால் தேடுவது சுலபம். அன்றே பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்துவிடுவது இன்னும் நல்லது. வரவு வைத்ததற்கான குறுஞ்செய்தி கைப்பேசிக்கு வந்திருந்தாலும், அடிக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சேமிப்புக் கணக்கு என்றால் பாஸ்புக்கில் பதிவாகும் வரையிலும், கடன் என்றால் கணக்கு முடிந்து, வைத்த நகையோ பத்திரமோ கைக்குத் திரும்பும் வரையிலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். குழுக்களின் அடிக்கட்டைகளைத் தேதி வரிசையில் ஒரு நோட்டில் ஒட்டி வைத்து, மாதக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் காட்டும் வழக்கம் மிகச் சிறந்தது. ஊக்குநரின் மீது வீண்பழி வராமல் காப்பது அந்த நோட்டுதான்.

எழுதவே இயலாதவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், கை நடுங்கும் முதியவர்கள் வங்கியில் உள்ள உதவிக் கவுண்டரை அணுக வேண்டும். அங்கே பணியாளர் எழுதித் தந்தாலும், எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி வந்து ரொக்கமும் காசோலையும் பெற்றுக்கொள்ளும் சேவையை வங்கிகள் ஏற்படுத்த வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. தங்கள் கிளையில் அந்தச் சேவை உண்டா, கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொள்ளலாம்.

காசோலையைக் கட்டும்போது

ரொக்கத்துக்கு ஒரு செலான், காசோலைக்கு வேறொரு செலான். இரண்டையும் ஒன்றில் சேர்க்கக் கூடாது. காசோலைச் செலானில் நோட்டு விவரத்துக்குப் பதிலாகக் காசோலை எண், தேதி, எந்த வங்கியின் எந்தக் கிளைமீது எழுதப்பட்டது, தொகை ஆகியவற்றை எழுத வேண்டும். காசோலையின் அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தில் இடப்பக்கம் முதலில் உள்ள 6 இலக்கங்களே காசோலை எண். அடுத்து வரும் 9 இலக்கங்கள் ஊர், வங்கி, கிளை ஆகியவற்றைக் குறிப்பவை. மதுரைக் கிளைகளின் காசோலைகளில் அது 625 என்று தொடங்கும்.

செலானை எழுதும் முன் காசோலையை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கட்டிவிட வேண்டும். 2012 ஏப்ரல் 1-க்கு முன்பு ஆறு மாதமாக இருந்த கெடு அன்றிலிருந்து மூன்று மாதமாகக் குறைந்தது. எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா, திருத்தம் ஏதும் இருக்கிறதா என்று கவனியுங்கள். இப்போது காசோலைத் தாள் ஊர் ஊராகப் போவதில்லை. அதன் படம்தான் மற்ற வங்கிக்குப் போகிறது. அதனால் பெயரிலோ தொகையிலோ திருத்தம் உள்ள காசோலை திரும்பிவிடும். வேறு காசோலை கேட்டு வாங்குவதே வழி. இடப்பக்க மேல் மூலையில் இரண்டு சாய்வுக் கோடுகள் இல்லையென்றால் நாமே போட்டுக்கொள்ளலாம். கோடிட்ட காசோலைக்குக் கவுண்டரில் யாரும் ரொக்கம் வாங்க முடியாது என்பதால், அது தொலைந்தாலும் ஓரளவு பாதுகாப்பு. காசோலையின் பின்பக்கம் நம் கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வைத்தால், செலானிலிருந்து பிரிந்துபோனாலும் யாருடையது என்று தெரியும்.

காசோலையைப் பெட்டியில் போடுவதா, கவுண்டரில் கொடுப்பதா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. பெட்டியில் போட்டால் அடிக்கட்டையில் முத்திரை கிடைக்காது. “பெட்டியிலேயே போட்டுருங்கம்மா” என்று சொல்லிவிட்டால் பலர் மறுபேச்சின்றிப் போட்டுவிடுகிறார்கள். கவுண்டரில் காசோலையைக் கொடுத்து ஒப்புகை கேட்கும் வாடிக்கையாளருக்கு எந்தக் கிளையும் அதை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் தெளிவான கட்டளை. பெட்டியின் மேலேயே அந்த விவரத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும் அது சொல்லியிருக்கிறது. சிறு தொகையானாலும் முத்திரை பெற்றுக்கொள்வதையே நான் வலியுறுத்துவேன். 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் நாள் முழுவதும் தொடர்ச்சியாக அனுப்பப்படுவதால், காலையில் கட்டிய காசோலை அன்றே தீர்வாகிவிடவும் கூடும். காசோலை திரும்பிவந்தால் காரணத்தைக் குறிக்கும் சீட்டை வங்கி தரும். பணமில்லாமல் திரும்பிய காசோலைக்குச் சட்ட நடவடிக்கை எடுக்க விரும்பினால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதால், அந்தச் சீட்டை வாங்கத் தாமதிக்கக் கூடாது.

நாளும் நேரமும்

இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் 2015 செப்டம்பர் முதல் வங்கி விடுமுறை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படும். ஆனால் அது, வங்கிகளுக்கும் பொருந்தும் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் விடுமுறை அன்று என்று அறிவிப்பிலேயே குறிப்பிடப்படுவது வழக்கம். ஆகவே பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருக்கின்றன என்பதால் வங்கியும் மூடியிருக்கும் என்று கடன் தவணையைத் தள்ளிப்போட வேண்டாம். கூட்டத்தில் பணத்தோடு போவதற்குப் பதிலாக முதல் நாளே கட்டிவிடுவதுதான் பாதுகாப்பு.

பணம் போடும் இயந்திரத்தில் செலானே தேவையில்லை. ஆனால் நாணயம் ஏற்காது, கிழிந்த நோட்டைத் திருப்பித் தள்ளிவிடும். திரையில் கணக்குக்காரரின் பெயர் வரும்போது படித்துப் பார்த்துவிட்டே அடுத்த பொத்தானை அழுத்த வேண்டும். வெளிவரும் சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிய பணம் கணக்கில் ஏறவில்லை என்றாலோ, குறைந்து ஏறியிருந்தாலோ, முதலில் அதே கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் புகார் தந்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். வாய்ப் பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்தத் தேதியில் சொன்னோம் என்பதற்கு ஆதாரம் இருக்காது. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான விளக்கங்களை 14448 என்ற எண்ணில் கேட்டுப் பெறலாம். புகாரில் தேதி, கணக்கு எண், தொகை, எந்தக் கவுண்டர், ஏறத்தாழ எத்தனை மணி என்ற விவரங்களை எழுதி, முத்திரையிட்ட அடிக்கட்டையின் நகலை இணைக்க வேண்டும். மூல அடிக்கட்டையைக் கேட்டால் காட்டலாம்; யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது.